உள்ளே யார்? வெளியே யார்?

எங்கள் இல்லத்தில் ஓர் ஆட்சி நடைபெறுகிறது. அமைச்சர் இல்லை, அவை இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆயினும் அவ்வாட்சியின் ஆணையை மீறத் துணிந்தவர் எவருமில்லை. ஆள்பவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. வயது இரண்டரை. "புலி பாக்கணும்!" - காலையில் கண் விழித்ததும் பிறந்தது ஆணை. இடம் நியூயார்க் நகரம், திங்கள் சனவரி, சாளரத்துக்கு வெளியே நீர் உறையும் நிலைக்கும் கீழே இறங்கி நின்றது குளிர்.

"இந்தக் குளிரில் எவராவது மிருகக்காட்சி சாலைக்குப் போவார்களா?" என்று கேட்டாள் மகள்.

"போகிறவர்கள் இதோ புறப்பட்டுவிட்டார்களே!" என்றார் மாப்பிள்ளை, குழந்தைக்குக் காலுறை மாட்டிக்கொண்டே.

குளிர்நாட்டில் ஒரு குழந்தையை வெளியே அழைத்துச் செல்வது சிறியதொரு படையெடுப்பு. சட்டைமேல் சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் பஞ்சு பொதிந்த மேலங்கி, தலைக்குக் குல்லாய், கழுத்துக்குச் சுற்றுத்துணி, கைக்கு உறை. இவ்வளவும் அணிவித்து முடித்தபோது, கை கால்களை மடக்க முடியாமல், அடைத்துவைத்த தலையணை போல நின்றாள் பேத்தி. வலக்கை உறையை மாட்டி முடிப்பதற்குள் இடக்கை உறை தரையில் கிடக்கும். அதை எடுத்து மாட்டுவதற்குள் வலக்கை உறை வாயில் இருக்கும். என் துணைவியோ புடைவைக்குள் கம்பளிக் காலுறை, புடைவைக்கு மேலே மகளின் நீண்ட மேலங்கி, தலையைச் சுற்றிச் சால்வை எனத் தயாரானார். பிளாஸ்கில் சூடான பால், தூக்கில் இட்லியும் மிளகாய்ப்பொடியும், தள்ளுவண்டி, மாற்றுடை எல்லாம் வண்டியேறின. பிராங்க்ஸ் நோக்கிக் கிளம்பினோம் ஐவரும்.

பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலை 1899-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் திறக்கப்பட்டது. 265 ஏக்கர் பரப்பு. மரங்களுக்கும் பாறைகளுக்கும் இடையே ஓர் ஆறும் ஓடுகிறது. கோடையில் கூட்டம் அலைமோதும் என்றனர். நாங்கள் சென்ற அன்றோ, கூட்டமே இல்லை. இலை உதிர்ந்த மரங்கள், வெறிச்சோடிய விசிப்பலகைகள், மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னே வெண்புகை. அந்தப் புகையைக் கண்டுதான் குழந்தைக்கு முதல் வியப்பு. "தாத்தா, வாய்ல புகை!" என்று சிரித்தாள். ஊதினாள், மறுபடியும் ஊதினாள். நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் அந்த இடத்திலேயே செரித்துவிட்டது என்றார் மாப்பிள்ளை.

எனக்கோ நினைவு சென்னைக்கு ஓடிற்று. சென்னையில் விலங்குக்காட்சி சாலை தோன்றியது 1855-இல். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்டு பால்பர் என்பார் தொடங்கியது அது. பின்னர் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சென்றது. 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக மலர்ந்தது. ஆனால் அந்த நாளில் நகரத்து மக்கள் இட்ட பெயர் எது தெரியுமா? 'உயிர்க் காலேஜ்!' பாடம் செய்த விலங்குகள் நிற்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு, 'செத்த காலேஜ்!' கல்லூரி வாயிலை மிதித்தறியாத ஏழை எளியவர், உயிருள்ளதைக் காட்டும் இடத்தையும் உயிரற்றதைக் காட்டும் இடத்தையும் கல்லூரி என்றே அழைத்தனர். கற்கும் இடம் எதுவோ அதுவே கல்லூரி! புலவர் பட்டம் பெறாதவர் படைத்த பெயர். பொருளோ எவ்வளவு பொருத்தம்! அந்தக் கல்லூரியில் பிராங்க்சில் நான் படித்த பாடத்தையே இங்கே கூற விழைகிறேன்.

குளிர்காலத்தில் விலங்குக்காட்சி சாலைக்குச் செல்வதில் ஒரு நன்மை உண்டு. வெப்ப நாட்டு உயிர்கள் கூரைக்குள் ஒடுங்கிக்கொள்ள, பனி நாட்டு உயிர்கள் தம் வீட்டிலிருப்பதுபோல் உலவும். பனிச்சிறுத்தை பாறைமேல் படுத்திருந்தது. இமயத்தின் உயரங்களில் வாழப் பிறந்த உடல். உள்ளங்காலிலும் மயிர், அகன்ற பாதம், உடலளவுக்கு நீண்ட அடர்ந்த வால். அந்த வாலை எடுத்து முகத்தைச் சுற்றிப் போர்த்துக்கொண்டது. "பாத்தியா கண்ணு, அதுக்கு அதோட வாலே மப்ளர்!" என்றார் துணைவி. குழந்தை தன் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்; பிறகு சிறுத்தையைப் பார்த்தாள். உறவு ஏற்பட்டுவிட்டது இருவருக்கும்.

கடற்சிங்கங்கள் நீந்திய குளத்தருகே நெடுநேரம் நின்றோம். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு. ஆகையால் எங்கள் விரலை உறைய வைத்த குளிர் அவற்றுக்குப் பொருட்டன்று. ஆனால் பேத்தியின் கண் குளத்தின்மீது இல்லை. விசிப்பலகைக்கடியில் எவரோ சிந்திய பொரியைக் கொத்திக்கொண்டிருந்த சிட்டுக்குருவிமீது இருந்தது! கடல் கடந்து, காசு கொடுத்து, கடற்சிங்கத்தைக் காட்ட அழைத்து வந்தால், காசின்றி எங்கும் காணக்கூடிய குருவியைப் பார்த்துக் கைகொட்டுகிறாள். அரியது, எளியது என்ற பாகுபாட்டைக் கண்டவள் அல்லளே அவள்! குருவிக்கும் மரியாதை, கடற்சிங்கத்துக்கும் மரியாதை. எதிர்ப்பட்ட ஒவ்வோர் உயிரையும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "சாப்டாச்சா?" நம் வீட்டு முற்றத்துக்கு வருவோரை நாம் கேட்பதை அவள் கேட்டாள்.

பிறகு புலி. ஆணையின் நோக்கமே புலியன்றோ! ஆமூர் ஆற்றுப் பகுதியின் புலி, பனியில் வாழ்ந்து பழகியது; நம் நாட்டுப் புலியினும் அடர்ந்த மயிர். பார்வையாளர் நிற்பதற்குக் கூரையிட்ட ஓர் இடம். முன்னே கனத்த கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் மரமும் பாறையும் வானமும். புலி நடந்து வந்தது. எங்களுக்கு இரண்டு முழத் தொலைவில் நின்றது. குழந்தை அஞ்சவில்லை. கண்ணாடியில் கையை வைத்தாள். பின்னர் திரும்பி என்னைக் கேட்டாள்:

"தாத்தா, புலி வெளிய இருக்கு. நாம ஏன் உள்ள இருக்கோம்?"

சிரித்தோம் அனைவரும். கூரைக்குக் கீழே நாங்கள். வானத்துக்குக் கீழே புலி. குழந்தை கண்டபடி அது சரியே. வீடு உள்ளே, தெரு வெளியே. ஆகவே அடைபட்டவர் நாம், உலவுவது புலி. சிரித்து முடித்த பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. உள்ளே யார்? வெளியே யார்? யார் முடிவு செய்வது? எந்த உரிமையால்?

பகலுணவுக்கு ஒதுங்கிய இடம், மழைக்காடு போலவே அமைத்த பெரியதொரு கூடம். கண்ணாடிக் கூரை, ஈரமண் மணம், வெதுவெதுப்பான காற்று. உறைகளும் அங்கிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. கிப்பன் குரங்கு கிளைக்குக் கிளை தாவியது. வெளியே வந்து ஒரு மூலையில் அமர்ந்து இட்லியைப் பிரித்தோம். "யானை எங்க?" என்றாள் பேத்தி. யானை இருக்கும் பகுதிக்குச் செல்ல ஒற்றைத் தண்டவாள வண்டி உண்டு. குளிர்காலத்தில் அது ஓடுவதில்லை. இல்லை என்ற சொல் அவளுக்குப் பிடிக்காத சொல். சிறிதே அழுகை, பெரிதாய்ச் சமாதானம்.

யானைப் பேச்சு மகளுக்கும் மருமகனுக்கும் வழக்காடு மன்றமாயிற்று. ஹேப்பி என்ற ஆசிய யானையின் கதை அது. கண்ணாடியில் தெரிவது தன் உருவமே என யானையும் அறியும் என்பதை, 2005-இல் இதே காட்சிசாலையில் நடந்த ஆய்வில் மெய்ப்பித்துக் காட்டிய யானை ஹேப்பி. தன்னைத் தான் அறியும் உயிரை அடைத்து வைக்கலாமோ என்று கேட்டு, மனிதருக்குரிய ஆட்கொணர்வு மனுவை அந்த யானையின் சார்பில் தொடுத்தனர் சிலர். 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றம் தீர்ப்பளித்தது: யானை அம்மனுவுக்குரிய 'நபர்' அன்று. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம்; இருவர் மறுபுறம்.

"அந்த இருவர் பக்கம்தான் நான்" என்றாள் மகள். "அழகான கூண்டும் கூண்டே."

"கூண்டு இல்லாமலிருந்தால் சில இனங்களே இன்று இல்லை. அதையும் எண்ணிப் பார்" என்றார் மாப்பிள்ளை. "மாமா, நீங்கள் சொல்லுங்கள்."

தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில் நான் அமரவில்லை. இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை சொன்னதற்குச் சான்று, சற்று நேரத்தில் எங்கள் கண்முன்னே நின்றது. அதைவிடப் பெரியதொரு கேள்வியும் அதனுடன் நின்றது.

அமெரிக்கக் காட்டெருது! மலை போன்ற திமில், தாடி தொங்கும் பெருந்தலை, குளிரை மதியாத தோற்றம். பனி மூடிய நிலத்தில் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பனியைத் தள்ளிப் புல்லைத் தேடுவது அதன் வழக்கம். ஒரு காலத்தில் அமெரிக்கச் சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த இனம். தோலுக்காகவும், ஆட்டத்துக்காகவும், அதை நம்பி வாழ்ந்த செவ்விந்தியரைப் பட்டினியால் பணிய வைக்கவும் சுட்டுக் குவித்தனர். 1880-களின் இறுதியில் எஞ்சியவை ஏறத்தாழ ஆயிரம். கோடி எங்கே, ஆயிரம் எங்கே!

அந்த அழிவைக் கண்டு கலங்கியவர் வில்லியம் ஹார்னடே. 1896 முதல் முப்பது ஆண்டுகள் இக்காட்சிசாலையின் தலைவராக இருந்தவர். நம்மவர் அறிய வேண்டிய ஒரு செய்தி: இந்த ஹார்னடே நம் ஆனைமலைக்கு வந்தவர்! 1877-இல், பாடம் செய்யும் நிறுவனம் ஒன்றுக்காக விலங்குகளைச் சேகரிக்கும் இளைஞராக வந்து, ஆனைமலைக் காடுகளில் யானையும் காட்டெருமையும் புலியும் சுட்டவர். அந்தக் காட்டை அறிந்த நம் மலைவாழ் மக்கள் வழிகாட்ட, அவர் வேட்டையாடினார். நாடு திரும்பி 1885-இல் அதை நூலாகவும் எழுதினார். பின்னர் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் தலைமைப் பணி. சென்னை மக்கள் மொழியில் சொன்னால், செத்த காலேஜிலிருந்து உயிர்க் காலேஜுக்கு மாறிய ஆசிரியர்! மாறியது வேலை மட்டுமன்று. மனமும் ஓரளவு மாறிற்று. சுட்ட கை காக்கத் தொடங்கிற்று. 1905-இல் காட்டெருதைக் காக்க ஒரு கழகம் அமைத்தார். 1907-ஆம் ஆண்டு அக்டோபரில், பிராங்க்சில் வளர்த்த பதினைந்து காட்டெருதுகளைத் தொடர்வண்டியில் ஏற்றி ஓக்லஹோமாவின் காப்பு நிலத்துக்கு அனுப்பினார். அத்தகைய முயற்சிகளால் அந்த இனம் பிழைத்தது. 2016-இல் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டி என்ற சிறப்பும் அதற்குக் கிட்டிற்று.

பாராட்டத்தக்க பணி! எவர் மறுப்பார்? நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொடர்வண்டி புறப்படுவதற்குப் பதின்மூன்று திங்களுக்கு முன்னே, இதே இடத்தில், இதே மனிதரின் பொறுப்பில் நடந்த இன்னொன்றும் இருக்கிறதே!

காட்சிசாலையின் பழைய பகுதியில் குரங்குகளுக்கென 1901-இல் எழுப்பிய கட்டடம் ஒன்று உண்டு. 2012-இல் அது மூடப்பட்டது. 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், அந்தக் குரங்குக் கூடத்தின் கூண்டுக்குள் மக்கள் கண்டது ஒரு மனிதனை.

பெயர் ஓட்டா பெங்கா. காங்கோ நாட்டின் காட்டில் பிறந்தவன். பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் கொடுங்கோலாட்சி அந்நாட்டைச் சூறையாடிய காலம் அது. சாமுவேல் வெர்னர் என்ற அமெரிக்கர், 1904-இல் செயின்ட் லூயி நகரத்துப் பொருட்காட்சிக்கு 'காட்சிப் பொருளாக' மனிதரைத் திரட்டச் சென்றவர், அடிமை வணிகரிடம் அவனை விலைக்கு வாங்கியதாகச் சொல்லிக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் பிராங்க்சுக்கு வந்து சேர்ந்தான். கூண்டின் முன்னே ஓர் அறிவிப்புப் பலகை: பெயர், வயது 23, உயரம் 4 அடி 11 அங்குலம், எடை 103 ராத்தல், கொண்டுவந்தவர் பெயர், செப்டம்பர் திங்கள் முழுதும் பிற்பகல்தோறும் காட்சி என்ற குறிப்பு. புலிக்கு எப்படியோ, பாம்புக்கு எப்படியோ, அப்படியே மனிதனுக்கும்! கூண்டில் அவனுக்குத் துணை ஓர் ஒராங்குட்டான்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பதாயிரம் பேர் வந்தனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. வந்தவர் யார்? காட்டுமிராண்டிகளா? அல்லர்! சீமான்கள், சீமாட்டிகள், படித்தவர், பண்பாளர் எனப்பட்டவர். என்னைப் போலவே குழந்தைகளின் கைபிடித்து வந்த பெற்றோர், பாட்டன், பாட்டி. அவனைத் துரத்தினர், கூவினர், குத்தினர், காலை இடறினர், கைகொட்டிச் சிரித்தனர். அன்று எந்தக் குழந்தையாவது, "அவன் ஏன் உள்ளே இருக்கிறான்?" என்று கேட்டிருக்கும். அதற்குப் பெரியவர் கூறிய விடை யாதோ? அந்த விடையே, அக்குழந்தை அன்று அக்கல்லூரியில் கற்ற பாடம்.

எதிர்த்து எழுந்தவர் யார் என்பதையும் கூற வேண்டும். கறுப்பின மதகுருமார்! கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லம் ஒன்றை நடத்திவந்த ஜேம்ஸ் கார்டன் அவர்களுக்கு முன்னின்றார். எங்களையும் ஆன்மா உள்ள மனிதராகக் கருதுங்கள் என்பதே அவர் முறையீடு. கேட்டது கொஞ்சமா? மனிதனை மனிதனென்று ஏற்கச் சொன்னார், அவ்வளவே! நகரத்தின் மேயரோ அவர்களைக் காணவே மறுத்தார். ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. அந்தத் திங்கள் முடிவதற்குள் ஓட்டா பெங்கா காட்சிசாலையை விட்டு வெளியேறி, கார்டனின் இல்லத்துக்குச் சென்றான். பின்னர் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் படித்தான். புகையிலை ஆலையில் உழைத்தான். சிறுவர்களுக்குக் காட்டின் கலைகளைக் கற்றுக்கொடுத்தான். தாயகம் திரும்பும் ஏக்கம் தீரவில்லை. உலகப்போர் மூண்டு கடல்வழி அடைபட்டது. 1916-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் தன் மார்பில் தானே சுட்டுக்கொண்டு மாண்டான். கூண்டின் கதவு பத்து ஆண்டுகளுக்கு முன்பே திறந்தது. அவன் நெஞ்சில் விழுந்த கம்பியின் நிழல் அகலவில்லை.

காட்சிசாலையை நடத்தும் நிறுவனம் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020-இல். இடையில் கழிந்தவை 114 ஆண்டுகள்.

நண்பர்களே! எண்ணிப் பாருங்கள். எருதுக்கு இரங்கிய உள்ளம் மனிதனுக்கு இரங்கவில்லை. காட்டெருதைக் கூண்டிலிருந்து காட்டுக்கு அனுப்பியவர், காட்டில் வாழ்ந்தவனைக் கூண்டில் காட்டியவர். இரண்டும் ஒரே நெஞ்சில் எவ்வாறு குடியிருந்தன? அன்பு இல்லாமலா? அன்று! அன்பு இருந்தது, சமத்துவம் இல்லை. மேலே நின்று கீழே பார்க்கும் பார்வை அது. அந்தப் பார்வையால் இரக்கம் காட்டவும் முடியும், கூண்டில் பூட்டவும் முடியும். எதைச் செய்வதென்று முடிவு செய்வது மேலே நிற்பவரின் விருப்பம்!

பார்வை பாழானால் அது கூண்டோடு நிற்பதில்லை. இதே விலங்கியல் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் மேடிசன் கிராண்ட் என்னும் வழக்கறிஞர். மனித இனங்களுள் உயர்வு தாழ்வு கற்பித்து, வடஐரோப்பிய வெள்ளையரே மேலோர், பிறர் கலந்தால் நாடு கெடும் எனப் பெருநூல் ஒன்று எழுதினார். வெளிவந்த ஆண்டு 1916. ஆம், ஓட்டா பெங்கா மாண்ட அதே ஆண்டு! அத்தகைய கொள்கை உரமிட, 1924-இல் அமெரிக்கா குடியேற்றத்துக்குக் கடுஞ்சட்டம் இயற்றிற்று. ஆசியருக்குக் கதவு அடைபட்டது; இந்தியருக்கோ 1917-லேயே பூட்டு விழுந்திருந்தது. 1946-இல் ஆண்டுக்கு நூறு பேர் எனச் சிறு துளை திறந்தது. 1965-இல் புதிய சட்டம் வந்த பின்னரே கதவு உண்மையில் திறந்தது. கிராண்டின் கொள்கை வென்று நிலைத்திருந்தால், அவர் எழுப்பிய பூங்காவில் என் பேத்தி, வாயில் புகை விட்டுக்கொண்டு, புலியைச் 'சாப்டாச்சா' என்று கேட்டிருக்க முடியுமா? அவர் வெளியே நிறுத்த நினைத்தவர்களின் பேத்தி, உள்ளே ஓடி விளையாடினாள். வரலாறு சிற்சில வேளைகளில் நன்றாகவே விடை கூறுகிறது!

அமெரிக்காவை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் பார்வையாளராய் நின்று விடலாமா? நின்றால், அதுவும் மேலிருந்து பார்க்கும் பார்வையே. ஜெர்மனியில் ஹாகன்பெக் என்னும் விலங்கு வணிகர் இலங்கையிலிருந்தும் மக்களைக் கொண்டுசென்று காட்சி நடத்தியது உண்மை. ஆனால் நம்மவரே நம்மவரை நடத்திய விதம்? அமெரிக்கா கதவடைத்த அதே 1924-இல்தான் வைக்கத்தில் கிளர்ச்சி நடந்தது. எதற்காக? கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக! நாய் நடந்தது அத்தெருவில், மாடு நடந்தது, ஆடு நடந்தது. தீண்டத்தகாதவன் என்று முத்திரை குத்தப்பட்ட மனிதன் நடக்கக் கூடாது. அங்கே மனிதனை விலங்கோடு சேர்த்து வைத்தனர். இங்கே விலங்குக்குத் தந்த இடத்தையும் மனிதனுக்குத் தர மறுத்தனர். பசுவுக்கு உருகும் நெஞ்சு, பக்கத்துச் சேரிக்கு உருகவில்லை. எந்தக் கூண்டு கொடியது? கம்பி உள்ள கூண்டா, கம்பி இல்லாத கூண்டா? அந்தக் கம்பியில்லாக் கூண்டு இன்றும் முற்றாக உடைந்துவிட்டது என்று கூற எவருக்காவது துணிவு உண்டா?

அன்று பிற்பகல் ஒரு சிறு நிகழ்ச்சி. வெளிவாயிலுக்குச் செல்லும் பாதையில், எதிரே ஒரு குடும்பம். நாலைந்து வயதுச் சிறுவன் ஒருவன் என் துணைவியைக் கண்டு நின்றுவிட்டான். மேலங்கிக்குக் கீழே சிவப்புப் புடைவை, நெற்றியைச் சுற்றிய சால்வை. அவன் அதுவரை கண்டிராத உருவம். வைத்த கண் வாங்காமல் பார்த்தான். அவன் தாய் சிறிது கூச்சமடைந்து அவன் கையை இழுத்தார். துணைவி நின்றார், குனிந்தார், சிரித்தார், கையசைத்தார். சிறுவனும் சிரித்தான், கையசைத்தான். எங்கள் பேத்தியோ அவனிடமும் சென்று அதே கேள்வியைக் கேட்டாள்: "சாப்டாச்சா?" மொழி புரியாத அவன், தன் பையிலிருந்த பிஸ்கோத்தில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

பார்ப்பதில் குற்றமில்லை. புதியதைக் கண்டால் வியப்பது அறிவின் முதற்படி. ஆனால் பார்க்கப்படுபவரும் நம்மைப் பார்க்கிறார் என்பதை மறப்பதே குற்றம். அந்தச் சிறுவன் பார்த்தான். பார்க்கப்பட்டவர் திரும்பிப் பார்த்தார். உடனே காட்சி மறைந்தது, உறவு பிறந்தது. ஓட்டா பெங்காவும் கம்பிக்கு உள்ளிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேர் அந்தக் கண்களைச் சந்தித்தனர்?

பெற்றோரே! குழந்தைகளை உயிர்க் காலேஜுக்கு அழைத்துச் செல்லுங்கள், வண்டலூருக்கோ வேறெங்கோ. குளிரானாலும் செல்லுங்கள், வெயிலானாலும் செல்லுங்கள். விலங்குகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அவை எங்கே வாழ்ந்தவை, ஏன் குறைந்தன, எவர் குறைத்தனர் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கல்லெறிதல் தவறென்று கூறுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். பூங்காவைக் கூட்டுபவரை, கூண்டைக் கழுவுபவரை, வாயிலில் சுண்டல் விற்பவரை, நம்மினும் வேறான நிறமும் உடையும் மொழியும் உடையவரை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதையும் கற்றுக் கொடுங்கள். சொல்லால் மட்டுமன்று, உங்கள் பார்வையால்! குழந்தை நம் சொல்லைப் பாதி கேட்கும். நம் கண்ணை முழுதும் படிக்கும்.

விலங்கிடம் அன்பு பூண்டவர் பலர். வரலாறு அவர்களை ஏராளமாகக் கண்டது. தன்னிலிருந்து வேறுபட்ட மனிதனைத் தனக்குச் சமமாகக் கண்டவர் சிலர். அவர்களுக்காகவே உலகம் இன்னும் காத்திருக்கிறது. அச்சிலரைப் பலராக்கும் பள்ளி வேறெங்கும் இல்லை; நம் மடிமீதும் தோள்மீதும் அமர்ந்து, "ஏன் உள்ளே? ஏன் வெளியே?" என்று கேட்கும் குழந்தைக்கு நாம் தரும் விடையில் இருக்கிறது. விடை நேர்மையாக இருக்கட்டும். கூண்டுகள் தாமே குறையும்.